ஜன்னல் சாத்திய பாடம்

பின்னால் உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் குழுவில் மீறவே முடியாத சட்டம் என்று இது ஒன்றுதான் இருந்தது. அது வரக் காரணமாக இருந்தவர் கணக்கு வாத்தியார்.

குழு என்றால் பெரிய கூட்டமெல்லாம் இல்லை, நாலே பேர். கணக்கு வாத்தியார், ஆய்வுக்கூடத்தைப் பொறுப்பில் வைத்திருந்த வேதியியல் டீச்சரான அவர் மனைவி, இயற்பியல் எடுத்த தாடிக்காரர், கணக்கு எடுக்கப் புதிதாக வந்திருந்த சின்ன டீச்சர். தாடிக்காரர் தாடியை எடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. புதன்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் நாலு பேரும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பிய்த்துப் போட்டு மறுபடி கட்டுவார்கள். முதல் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதிலேயே டீ ஆறிப்போய்விடும். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், யார் என்ன உளறுவார்கள் என்றெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைப்பார்கள். பிறகு ஒரு நாள் நால்வரில் ஒருவர் அந்தப் பாடத்தை எடுக்க, மற்றவர்கள் வகுப்பின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு பெஞ்சுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பார்ப்பது டீச்சரை அல்ல, பிள்ளைகளை. வகுப்பு முடிந்து உட்கார்ந்து பேசும்போதும் "நீங்க" என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது, "அந்தப் பிள்ளை" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். வாத்தியார்களை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் பேசவைக்க இவ்வளவு வேலி தேவைப்பட்டது.

வாய் திறக்கக் கூடாது என்ற சட்டம் போன வருஷம் வந்தது. சின்ன டீச்சர் முதல்முதலாகப் பாடம் எடுத்த அன்று, பலகையில் கழித்தல் குறி போட வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போட்டுவிட்டார். கணக்கு வாத்தியாருக்குக் கை அரித்தது, நாக்கு அரித்தது, கடைசியில் அடக்க முடியாமல் "மைனஸ்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. சின்ன டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்து உடைந்தது. பிறகு ஆசிரியர் அறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அவர் அழுதது எல்லோருக்கும் கேட்டது.

"மூணாவது பெஞ்சுப் பொண்ணு கண்டுபிடிச்சிடுச்சு சார். பாதி கை தூக்கிட்டா. நீங்க முந்திக்கிட்டீங்க" என்றார் தாடிக்காரர். "நாம பின்னாடி உக்காந்தா செத்த பொணம் மாதிரி உக்காரணும். கூரையே விழுந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது."

கணக்கு வாத்தியார் அதை மனதில் ஆணியடித்தாற்போல் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் அவர் பின்னாலிருந்து மூச்சு விட்டதில்லை. "சாருக்கு வாய்ல பூட்டுப் போட்டாச்சு" என்று சின்ன டீச்சரே கேலி செய்யும் அளவுக்கு ராசியாகிவிட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுக்கையில் போட்டு எடுத்துவிட்டு அது போனது, போகும்போது அவளுக்கு வாசனை தெரிவதையும் கொண்டுபோய்விட்டது. முதலில் அவளுக்கே தெரியவில்லை. ஒரு நாள் அவர் வெளியிலிருந்து வந்தபோது வீடு முழுக்கப் புகை, அடுப்பில் வெங்காயம் கரியாகிக்கொண்டிருந்தது, அடுத்த அறையில் அவள் நிம்மதியாக விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று கையை விரித்தார்.

டாக்டர் வீட்டுப் படியிலேயே அவள் கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"யாருக்கும் மூச்சு விடக் கூடாது. நம்ம பாப்பாவுக்குக்கூட."

"உடம்புக்கு வந்தது, நீ பண்ண தப்பா? எதுக்கு இப்படிப் பயப்படுற?"

"வாசனை தெரியாதவள ஆய்வுக்கூடத்துல விட்டு வெப்பாங்களா? சாவிய வாங்கிட்டு நூலகத்துல உக்கார வெச்சிடுவாங்க. புத்தகத்துக்கு நம்பர் ஒட்டிக்கிட்டே ரிட்டயர் ஆகணும். அந்த ரூம நான் எப்படிக் கட்டிக் காப்பாத்துனேன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். உடைந்த ஜாடிகளும் எலிப் புழுக்கையுமாக இருந்த ஓர் இடத்தை அவள் கையால் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு சீசாவுக்கும் பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வரும் இடமாக ஆக்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட எதையாவது சாக்கு சொல்லிக்கொண்டு அங்கே போய்விடுவாள்.

"சரி, எப்படிச் சமாளிப்ப?"

"கண்ணு இருக்கு, கை இருக்கு. காலையிலயும் சாயங்காலமும் ஒவ்வொரு கேஸ் குழாயையும் திருகிப் பாத்துட்டுதான் மறு வேலை. வீட்டுக்கு நீங்க இருக்கீங்க."

வீட்டுக்கு அவர் இருந்தார். ஆனால் அந்த வேலையை அவர் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மனிதர் நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. பால் திரிந்திருந்தால் அவளுக்குத் தெரியாமல் கொட்டிவிட்டு, கை தட்டிக் கவிழ்ந்துவிட்டது என்பார். முட்டை கெட்டிருந்தால் பசியில்லை என்பார். ஒரு நாள் உருளைக்கிழங்கு சூப் அடிப்பிடித்துவிட்டது. ஐந்தாவது படிக்கும் மகள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள்.

"அம்மா, கருகல் நாத்தம் அடிக்குது."

மனைவி சட்டென்று அவரைப் பார்த்தாள். "அப்படியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவளுக்கு வெங்காயம் பிடிக்காதுல்ல, அதான்."

"இல்லப்பா, நெசமா அடிக்குது."

"சாப்பிடும்போது பேசாத."

மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவர் இரண்டு கிண்ணம் குடித்தார், பிரமாதம் என்றார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் குடித்தாள்.

மழைக்காலம் தொடங்கி, ஆய்வுக்கூடத்தின் சுவர்களில் ஈரம் ஏறியிருந்த ஒரு புதன்கிழமை, தாடிக்காரர் புதிய பாடம் ஒன்றைக் கொண்டுவந்தார். சொல்லும்போதே அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ரூமோட ஒரு மூலையில ஒரு சீசாவத் தொறக்குறோம். வாசனை எட்டுன பிள்ளை கை தூக்கணும், அவ்வளவுதான். எந்த பெஞ்சுக்கு எப்ப எட்டுச்சுன்னு போர்டுல புள்ளி வெச்சுக்கிட்டே போறோம். தூரம் ஒரு பக்கம், நேரம் ஒரு பக்கம். கணக்கும் ஆச்சு, அறிவியலும் ஆச்சு."

கணக்கு வாத்தியார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். இந்தத் தடவை பாடம் எடுக்கும் முறை அவர் மனைவியுடையது.

"நிழல் அளக்குற பாடம் ஒண்ணு பேசிக்கிட்டிருந்தோமே" என்று இழுத்துப் பார்த்தார்.

"இந்த மழையில நிழலுக்கு எங்க சார் போறது? வாடகைக்கா எடுக்குறது?"

சின்ன டீச்சர் அதற்குள் பாடத்துக்குள் இறங்கிவிட்டிருந்தார். "என்ன வாசனைன்னு முன்னாடியே சொல்லக் கூடாது சார். சொல்லிட்டா வர்றதுக்கு முன்னாடியே வந்துச்சும்பாங்க. என்ன வாசனையா இருந்தாலும் சரி, புதுசா ஒண்ணு மூக்குல ஏறுனா கை தூக்குன்னு மட்டும் சொல்லணும். பேசவும் கூடாது. ஒருத்தன் பேசுனா பக்கத்துல இருக்குறவனும் தூக்கிடுவான்."

"அருமை" என்றாள் மனைவி. அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "நான் கிராம்புத் தைலம் எடுத்துக்குறேன். கடைசியில கொஞ்சம் தைலத்த ஒரு கிண்ணத்துல ஊத்தி ஸ்பிரிட் விளக்குல சூடு பண்ணலாம். சூடானா இன்னும் சீக்கிரம் பரவுமான்னு பிள்ளைங்களையே கேக்கலாம்."

பேச்சு சூடுபிடித்தது. மழை கூரை ஓட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. கணக்கு வாத்தியார் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மனிதருக்குக் கோணல்மாணலான வரைபடத்தைக் கண்டால் ஆகாது. பழக்கம் முந்திக்கொண்டது.

"ஃபேன் ஓடுனா புள்ளியெல்லாம் கண்டபடி விழும். ஃபேன நிறுத்திடணும். ஜன்னலையும் சாத்திடணும். காத்து ஆடக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படித்தான் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு ஒன்றைப் போட்டு அந்தப் பாடத்தை முடித்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அவ்வளவு கவனமாகச் செய்த பாடம் அதுவரை அந்தப் பள்ளியில் நடந்ததில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே குடைக்குள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு நடந்தார்கள்.

"வேற யாராச்சும் எடுக்கட்டும்னு சொல்லிடேன்."

"ஏன்?"

"ஏன்னா என்ன அர்த்தம்? வாசனைப் பாடம்."

"கை தூக்கப் போறது பிள்ளைங்க. எனக்கு எதுக்கு மூக்கு?" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "பயந்து ஒதுங்குனா அன்னைக்கே கண்டுபிடிச்சிடுவாங்க. இத எடுத்துட்டேன்னா அப்புறம் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது" என்றாள். கன்னத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டாள். "அதோட, நல்ல பாடங்க இது. விட மனசில்ல."

அவர் குடையை அவள் பக்கம் சாய்த்தார்.

பாடத்தன்று காலையில் இன்னொரு சங்கதி வந்து சேர்ந்தது. தலைமையாசிரியை தானும் வந்து உட்காரப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பள்ளியில் அவரைப் பெரிய மேடம் என்பார்கள். இந்த நாலு பேரும் புதன்கிழமை தோறும் கதவைச் சாத்திக்கொண்டு என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டுமாம். அப்படியானால் இன்னொரு நாற்காலி போட வேண்டும். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இடமில்லை.

மனைவி காலையிலேயே எல்லாக் குழாயையும் தொட்டுத் திருகிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்துவரப் போயிருந்தாள். அடுத்த வகுப்புக்கு அடுப்பு வேண்டியிருந்ததால் சுவரோரம் இருந்த கேஸின் மெயின் வால்வு திறந்தே இருந்தது. தாடிக்காரரும் கணக்கு வாத்தியாரும் சேர்ந்து கடைசி பெஞ்சை முன்னால் தள்ளினார்கள். "இன்னும் கொஞ்சம் சார், பெரிய மேடத்துக்கு முட்டி இடிக்கும்" என்றார் தாடிக்காரர். இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள். சுவரிலிருந்து அந்தப் பெஞ்சுக்குப் போன ரப்பர் குழாய் இழுபட்டு, சுவரோரம் பொருத்திய இடத்தில் நெகிழ்ந்துகொண்டதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னல்கள் சாத்தப்பட்டன, மின்விசிறி நின்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டதால் அறை பாதி இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு மனைவி முன்னால் வந்து நின்றாள்.

"இன்னைக்குப் பேச்சே கிடையாது. உங்க மூக்குதான் பேசணும். புதுசா ஒரு வாசனை வந்துச்சுன்னா கை தூக்குங்க. என்ன வாசனைன்னு சொல்லக் கூடாது, பக்கத்துல திரும்பிப் பாக்கக் கூடாது. சரியா?"

"சரி மிஸ்."

சீசாவைத் திறந்தாள். வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கணக்கு வாத்தியார் தன் பங்குக்கு வந்த கடைசி இரண்டு பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு பென்சிலோடு தயாராக இருந்தார். முதல் பெஞ்சில் கைகள் எழுந்தன. அவள் பலகையில் புள்ளி வைத்தாள். இரண்டாவது பெஞ்சில் ஒரு கை, பிறகு இன்னொன்று. இன்னொரு புள்ளி. எல்லாம் நினைத்தபடியே நடந்தது. அடுத்தது மூன்றாவது பெஞ்சாக இருக்க வேண்டும்.

கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் கை தூக்கினாள்.

மனைவியின் புருவம் உயர்ந்தது. "கடைசி பெஞ்சா? சரி. கைய எறக்காத." அவள் சந்தோஷமாகப் புள்ளி வைத்தாள். யோசித்துவைத்ததற்கு மாறாக ஏதாவது நடந்துவிட்டால் இந்தக் குழுவுக்கு அது கொண்டாட்டம். சின்ன டீச்சர் வேகமாக எழுதினார். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தவனும் கை தூக்கினான், அவனுக்கு அடுத்தவனும் தூக்கினான்.

அப்போதுதான் கணக்கு வாத்தியாருக்கும் அது எட்டியது. கிராம்பு இல்லை, கேஸ்.

முதலில் அவர் அதை நம்பவில்லை. ஆய்வுக்கூடம் என்றால் கொஞ்சம் கேஸ் வாடை எப்போதும் இருக்கும்தான். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. பக்கத்தில் பார்த்தார். பெரிய மேடம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார். தாடிக்காரர் தலையை நிமிர்த்தி, முகத்தைச் சுளித்து, சுவர்ப் பக்கம் பார்த்தார். பிறகு முன்னால் நின்ற வேதியியல் டீச்சரைப் பார்த்தார். அவள் சாவகாசமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தாடிக்காரர் முகம் தெளிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் அந்த அறையில் ஓர் எறும்பு ஊராது என்பது எல்லோருக்கும் தெரியும். அவளே பேசாமல் நிற்கிறாள் என்றால் அதில் ஏதோ காரணம் இருக்கும். அவர் குனிந்து எழுதத் தொடங்கினார்.

அவளுக்குத் தெரியாது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் கணக்கு வாத்தியார்தான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். சொன்னால் என்ன நடக்கும்? ஆய்வுக்கூடத்தையே ஆளுகிற டீச்சருக்கு மூக்கின் கீழே கேஸ் கசிவது எப்படித் தெரியாமல் போனது என்று பெரிய மேடம் கேட்பார். கேள்விக்குப் பதில் ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் சாவி போய்விடும். வாயைத் திறக்காமல் அவளுக்கு மட்டும் தெரியும்படி ஏதாவது செய்ய முடியாதா என்று பார்த்தார். அந்த அவசரத்தில் அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். கையைத் தூக்கினார்.

அவள் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"பாருங்க, பின்னாடி சாருக்கும் எட்டிடுச்சு."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அவருக்கும் ஒரு புள்ளி வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நிறைவு. காய்ச்சலுக்குப் பிறகு அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அவர் கை தானாகக் கீழே இறங்கியது.

பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கொக்கியில் கை வைப்பதற்குள் அவள் குரல் வந்தது.

"சார், ஜன்னல் வேண்டாம் சார். காத்து ஆடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மறுபடியும் சிரிப்பு. பெரிய மேடம் கைக்குட்டைக்கு மேலாக அவரை முறைத்தார். சின்ன டீச்சர், பழையபடி ஆரம்பித்துவிட்டீர்களா என்பதுபோல் பார்த்தார். கணக்கு வாத்தியார் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் செய்ததை என்னால் எப்படியும் நல்லபடியாகச் சொல்ல முடியவில்லை. அவர் உட்கார்ந்தார்.

வாடை கனத்துக்கொண்டே போனது. இப்போது எல்லாப் பெஞ்சிலும் கைகள் எழுந்து நின்றன. பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் முதலில் கை தூக்கிய பெண் நெற்றியை மேசை மேல் வைத்துக்கொண்டாள். அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய பெஞ்சு அது. "தலையைச் சாய்த்துவிட்டாள், கவனம் குறைகிறது" என்று அவர் எழுதினார். கை பழக்கத்தில் எழுதியது. எழுதியதைப் படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"கை எறக்கலாம்" என்றாள் மனைவி. "இப்ப போர்டப் பாருங்க. முன்னாடியிருந்து பின்னாடி போகணும்னு நெனச்சோம். கடைசி பெஞ்ச் முந்திக்கிச்சு. ஏன்? இப்ப சொல்ல வேணாம், யோசிச்சு வைங்க. அடுத்தது, இந்தத் தைலத்தக் கொஞ்சம் சூடு பண்ணப் போறேன்."

கிண்ணத்தில் தைலத்தை ஊற்றினாள். ஸ்பிரிட் விளக்கின் மூடியை எடுத்து வைத்தாள். தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தாள்.

"கொளுத்தாத."

அது வகுப்பில் பேசும் குரல் இல்லை. வீட்டுக் குரல். எல்லாத் தலைகளும் திரும்பின.

"சார், பின்னாடி உக்காந்தவங்க..." என்று அவள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"கேஸு. ரூம் பூரா கேஸு. கொளுத்தாத. உனக்கு வாசனை தெரியாது."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. குச்சியைப் பெட்டிக்குள் வைத்தாள், பெட்டியை மூடினாள், மேசை மேல் வைத்தாள். எல்லாவற்றையும் மெதுவாகத்தான் செய்தாள்.

"எல்லாரும் பையெல்லாம் அப்படியே போட்டுட்டு வெளிய போங்க. ஓடக் கூடாது. ஸ்விட்ச யாரும் தொடக் கூடாது." குரல் மாறவே இல்லை. பிள்ளைகள் வரிசையாகக் கதவைப் பார்த்து நடந்தார்கள். அவள் சுவரோரம் போய் மெயினை மூடினாள். பிறகு ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். மழை உள்ளே அடித்து, பலகையில் புள்ளிகள் கரைந்து வழிந்தன.

தலை சாய்ந்திருந்த பெண்ணைத் தாடிக்காரர் தூக்கிக்கொண்டு ஓடினார். வராந்தாவில் அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தண்ணீர் குடித்துக் கொஞ்ச நேரம் காற்றில் உட்கார்ந்ததும் முகத்தில் ரத்தம் வந்தது. "கை தூக்கினேனே மிஸ்" என்று அழுதாள்.

"ஆமாண்டா கண்ணு. நீ சரியாத்தான் தூக்குன" என்றாள் மனைவி.

வகுப்புக்குப் பிறகு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது வழக்கம். இன்றைக்கு வேண்டாம் என்றார் தாடிக்காரர். அவள்தான் ஒற்றைக்காலில் நின்றாள். சின்ன டீச்சரின் வகுப்பறையில், பிள்ளைகளின் சின்னப் பெஞ்சுகளில், ஐந்து பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். பாடம் எடுத்தவர் முதலில் பேச வேண்டும். காய்ச்சல் வந்தது, வாசனை போனது, மறைத்தது எல்லாவற்றையும் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். தன் மேல் தப்பு என்றாள், அதைப் பூசி மெழுகவில்லை.

சின்ன டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். "எனக்கும் வந்துச்சுக்கா. என்னடா இது கேஸ் மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். அக்காவே நிக்கிறாங்க, அவங்களுக்குத் தெரியாததான்னு எழுதிக்கிட்டே இருந்துட்டேன்."

"எனக்கும் அதேதான்" என்றார் தாடிக்காரர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த பெஞ்சத் தள்ளுனதும் நாங்கதான். கூரை விழுந்தாலும் பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டவனும் நான்தான்."

"ஆய்வுக்கூடம்னா இப்படித்தான் நாறும்னு நான் நெனச்சேன்" என்றார் பெரிய மேடம். அவர் குரலில் அதிகாரம் இல்லை.

கணக்கு வாத்தியாரின் முறை வந்தது. "அந்தப் பிள்ளை" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை.

"நீங்க" என்றாள் மனைவி. அந்தக் குழுவில் யாரும் அப்படி ஆரம்பித்ததில்லை. "நீங்க கை தூக்குனப்பவே உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"ஜன்னலுக்கு எழுந்து வந்தப்ப?"

"தெரியும்."

"நான் வேண்டாம்னதும் போய் உக்காந்தீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லார் முன்னாடியும் உன்ன எப்படி... சாவி போயிடுமேன்னு நெனச்சேன்மா. அத்தன பேர் முன்னாடி நீ சந்தோஷமா நின்னுக்கிட்டிருந்த."

"இவங்க மூணு பேரும் என்னைய நம்பி உக்காந்திருந்தாங்க" என்றாள். "நீங்க யார நம்பி உக்காந்திருந்தீங்க?"

அவள் இடுப்பில் செருகியிருந்த ஆய்வுக்கூடச் சாவிக்கொத்தை எடுத்துப் பெரிய மேடத்தின் முன்னால் வைத்தாள். பெரிய மேடம் அதை உடனே எடுக்கவில்லை. அவசரமில்லை, பேசிக்கொள்ளலாம் என்றார். "எடுத்துக்குங்க மேடம்" என்று அவள் சாவியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

வீட்டுக்குப் போகும்போது மழை விட்டிருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரை ஒதுங்கி ஒதுங்கித் தாண்டிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் நடந்தார். திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அவள் திட்டவில்லை. ரொட்டிக் கடையில் நின்று ரொட்டி வாங்கினாள். வழியில் ஒரு பையனின் அப்பா நிறுத்தி, என்னவோ கேஸாமே என்று கேட்டதற்கு நின்று பதில் சொன்னாள்.

மகள் பள்ளியிலிருந்து வந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பசிக்கிறது என்றாள். மனைவி கை கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவரும் கூடவே போனார். அவள் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பின் மேல் வைத்தாள், தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். குச்சியை உரசாமல் நின்றாள்.

"நான் பாத்துட்டேன்மா" என்றார் அவர் மெதுவாக. "ஒண்ணும் இல்ல. பத்த வை."

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாப்பா, இங்க கொஞ்சம் வா."

மகள் பேனாவோடு வந்து வாசலில் நின்றாள்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததுல இருந்து வாசனையே தெரியல. எதுவுமே தெரியல. உன்கிட்ட சொல்லாம மறைச்சுட்டேன், தப்பு. இனிமே அடுப்பு பத்த வைக்குறதுக்கு முன்னாடி உன்னக் கூப்பிடுவேன். நீ வந்து மோந்து பாத்து, இருந்தா இருக்கு, இல்லன்னா இல்லன்னு சொல்லணும். அம்மா வருத்தப்படுவேன்னெல்லாம் பாக்கக் கூடாது. சொல்வியா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அப்பா இங்கதான நிக்கிறாரு?" என்றாள்.

"நீ வந்து பாரு" என்றாள் அம்மா.

சமையலறை சின்னது. குழந்தை அடுப்பருகே போவதற்கு அவர் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். அவள் குனிந்து, அடுப்பைச் சுற்றி, குழாயோரம், கீழே எல்லா இடத்திலும் நிதானமாக மூக்கை வைத்துப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அம்மா தீக்குச்சியை உரசினாள்.